அடை, அடி, மடை

என் மகளின் தொண்டை ஊரறிந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயலின் கடைக்கோடியில் நின்று அவள் கூப்பிட்டால், மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தமா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே நான் அலுத்துப் போனேன். அந்தச் சத்தம்தான் அவளுக்குச் சோறு போடும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவள் ஃபுட்பால் கோல்கீப்பர். பந்து வந்தால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பாதி வேலை கத்துவதுதான். முன்னால் நிற்கும் டிஃபென்ஸ் பெண்களுக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. பின்னாலிருந்து பார்க்கிற இவள்தான் யார் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு அவளை எந்த கிளப்பும் சீந்தவில்லை. வெளிமாநிலத்தில் ஒரே ஒரு கிளப் கூப்பிட்டது. தேசியப் பெண்கள் லீக்கில் ஆடுகிற கிளப். சந்தோஷமாகத்தான் போனாள். சீசன் பாதிகூடத் தாண்டவில்லை, அவர்கள் அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. கடைசியில் நிற்கும் அணிகள் லீக்கை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் பெண்கள் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

"கலைச்சா எனக்கு இதோட முடிஞ்சிரும்மா. இந்த முட்டியப் பாத்துட்டு வேற யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன், அவள் சாதாரணமாகச் சொன்னதால் திட்டக்கூட முடியவில்லை.

ஆட்டங்களை போனில் நேரலையாகப் பார்க்கலாம். ஸ்டேடியத்தில் கூட்டம் என்று ஒன்று இருக்காது. காவலுக்கு வந்த போலீஸ்காரரையும் சேர்த்தால் நாலு வரிசை நிரம்பும். அதனாலேயே களத்தில் யார் என்ன கத்தினாலும் போனில் தெளிவாகக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவரும் அங்கே அறையில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் நெட் பறக்கும். என் போனில் படம் சுற்றிச் சுற்றி நின்றுதான் வரும். குவைத்தில் கோல் விழுந்து முடிந்த பிறகுதான் பாபநாசத்தில் பந்து கிளம்பும். அப்படி ஓர் ஆட்டத்தில் இவர் பாட்டுக்கு போன் செய்து, "போச்சு, ரெண்டாவதும் விழுந்துருச்சு" என்றார். எனக்கோ முதல் கோலே அப்போதுதான் விழுந்திருந்தது. வந்ததே கோபம். "மேட்ச் முடியிற வரைக்கும் நீங்க போன் பண்ணவே கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்த ரெண்டாவது கோல் விழுந்த கதை வேடிக்கை. இரண்டு டிஃபென்ஸ் பெண்களுக்கு நடுவில் பெரிய சந்து திறந்து கிடந்தது. இவள் பதற்றத்தில் "அடை! அடை!" என்று கத்தியிருக்கிறாள். எங்கள் வயலில் வளர்ந்தவள் வாயில் வேறு என்ன வரும்? அங்கே நின்ற கேரளப் பெண்ணுக்கு அது "அடி" என்று கேட்டிருக்கிறது. அவளும் வஞ்சனையில்லாமல் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பந்து நேராக எதிரணிக்காரியின் காலில் போய் விழுந்தது.

"ஏண்டி, உனக்கு இங்கிலீஷ் வராதா?" என்று கேட்டேன்.

"வரும்மா. ஆனா அவசரத்துக்கு வர மாட்டேங்குது."

ஒரு வாரம் கழித்து வீடியோ காலில் வந்தாள். நான் வயலில் நின்றிருந்தேன். "அம்மா, மடையக் காட்டு, இவளுங்க பாக்கணுமாம்" என்றாள். அவளைச் சுற்றி ஹாஸ்டல் பெண்கள் தலை தலையாகத் தெரிந்தார்கள். போனை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, வாய்க்கால் கரையில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினேன். மடை திறந்து தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது. பிறகு சேற்றை அள்ளி அப்பி அடைத்தேன். பெண்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் மடை அடைத்திருக்கிறேன், கைதட்டு வாங்கியது அன்றைக்குத்தான். மணிப்பூர்ப் பெண் ஒருத்தி ஹிந்தியில் என்னவோ சொன்னாள். "அவங்க வீட்லயும் நெல்லுதானாம், அவளும் அடைச்சிருக்காளாம்" என்றாள் என் மகள். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அதிலிருந்து 'அடை' கிடையாது. சந்து தெரிந்தால் 'மடை' என்று ஒரே சொல். அது வேறு எந்தச் சொல்லோடும் குழம்பாது. மெல்ல மெல்ல கோல் விழுவது குறைந்தது. தோற்க வேண்டியதெல்லாம் சமனில் முடிந்தது. அப்படியே தட்டுத்தடுமாறி கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அதிலும் சமன் செய்தால் போதும், லீக்கில் இருக்கலாம். தோற்றால் எல்லாம் முடிந்தது.

அன்றைக்கு நான் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு, எங்கள் முறை வருவதற்குக் காத்திருந்தேன். மேற்கே மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு, சாக்கு மூட்டையில் சாய்ந்து போனைத் திறந்தேன். ஆட்டம் முழுக்க எங்கள் கோலைச் சுற்றியேதான் நடந்தது. என் மகளுக்கு முந்திக்கொண்டு அந்த மணிப்பூர்ப் பெண் தன் நாக்குக்கு வந்தபடி "மதை! மதை!" என்று கத்தினாள். கேரளப் பெண் ஓடிப்போய் அடைத்தாள். நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு பாதி நேரம் கண்ணை மூடியிருந்தேன். சீசன் முழுக்க நான் பார்த்த லட்சணம் அதுதான்.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிகிற நேரத்தில் பந்து எங்கள் பெண் ஒருத்தியின் கையில் பட்டுவிட்டது. பெனால்டி. எதிரணிக்காரி பந்தை வைத்தாள். என் மகள் கோட்டில் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. படம் மறைந்து என் வீட்டுக்காரர் பெயர் வந்து நின்றது.

அவர் சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை. கூப்பிடுகிறார் என்றால் அங்கே மேட்ச் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதுதான் தெரியவில்லை. மாதாவே என்று எடுத்தேன். அந்தப் பக்கம் வெறும் அழுகை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் கேட்டதில்லை. சரி, போய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"அழாதீங்க. பிள்ளை வீட்டுக்கு வந்தா வரட்டும். வீடு இருக்கு, வயல் இருக்கு, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"அட நீ வேற!" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "புடிச்சிட்டாம்மா. உம்பொண்ணு பந்தப் புடிச்சிட்டா. மேட்ச் முடிஞ்சிருச்சு. தப்பிச்சிட்டோம்."

எனக்கு அப்பாடா என்ற ஒரு சொல்தான் வந்தது, அதுவும் சத்தமாக. மூட்டை தூக்கிக்கொண்டு போனவர் நின்று, "என்னம்மா, நெல்லு எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். அங்கே ஒருவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தால் அது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்.

"இல்லீங்க, இது வேற" என்றேன்.

போனை வைத்ததும், விட்ட இடத்திலிருந்து படம் ஓட ஆரம்பித்தது. என் மகள் இன்னும் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையுறைகளைத் தட்டிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த சீசனில் அன்றைக்குத்தான், கண்ணை மூடாமல், ஜெபமாலையைத் தேடாமல், என் பிள்ளை விளையாடுவதை முழுசாகப் பார்த்தேன்.

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அவளிடம் சொன்னேன்: "பயப்படாதடி. புடிச்சிருவ."