மகுண்டே பாடிய ஏழு பெயர்கள்

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு புதன்கிழமை. நம்ப மாட்டேன் என்பவர் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முற்றத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஜிம்பாப்வேயில் சிவு பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷூவாய்க்குப் பாடகர் ஜோசயா மகுண்டே என்றால் உயிர். காரணம் இருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் சுரங்கம் இடிந்து ஏழு பேர் உள்ளே போனார்கள். அதில் ஒருவன் அவள் தம்பி கனிசாய். அப்படி யாரும் எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று சுரங்கக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஏட்டில் பெயர் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. மகுண்டேதான் ஏழு பெயரையும் வைத்துப் பாட்டுக் கட்டினார். தம்பி என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு மிச்சம் அந்தப் பாட்டு ஒன்றுதான். மேடையில் அவர் அதைப் பாடி ஒரே ஒரு முறை கேட்டிருந்தாள். மறுபடி எப்போது கேட்போம் என்று ஏங்கிக் கிடந்தவளுக்கு, அவர் செத்த செய்திதான் வந்தது.

அடக்கத்துக்குப் போனால் அங்கேயும் கொடுமை. விருந்துக்கு மாடும் சவப்பெட்டியும் சுரங்க மேலாளர் உபயமாம். பதிலுக்கு அந்தப் பாட்டை யாரும் பாடக் கூடாதாம். மகுண்டேயின் மகனும் தலையாட்டிவிட்டான்.

"பொணத்தையே விலைக்கு வாங்கிட்டாங்கடி" என்றாள் பக்கத்தில் இருந்த ப்ளெசிங் அம்மா.

"லவ்மோர் வரட்டும்க்கா. அவன் வாயை எவன் மூடுவான்?" என்றாள் ஷூவாய்.

லவ்மோர், மகுண்டேயின் சஹ்விரா. சாவு வீட்டில் செத்தவரின் உடையை மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே நடந்து, பேசி, கிண்டலடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கும் உரிமையுள்ள நண்பன். அவன் என்ன செய்தாலும் யாரும் கோபிக்கக் கூடாது.

சரியாக 2.10. ஊர் வழக்கப்படி உடலைக் கிடத்தியிருந்த சமையல் குடிசைக்குப் பின்னாலிருந்து வந்தான். மகுண்டேயின் பழுப்புக் கோட்டு, கிதார், மூக்குவரை இறக்கிவிட்ட தொப்பி. ஒரு தோளைச் சாய்த்த அதே நடை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அடேய் லவ்மோர்! கிழவனை அப்படியே உரிச்சு வச்சிருக்கியேடா!"

ஷூவாயும் சிரித்தாள். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு. கழுத்தில்... ஒரு பொட்டு வியர்வை இல்லை.

காலில் செருப்பு இல்லை. வெள்ளைக் காலுறை மட்டும். செம்மண்ணில் நடந்து வந்தும்... வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

எலும்புக்குக் காத்துக்கிடந்த நாய்கள் எழுந்து போய்விட்டன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

2.17. டிங்... டிங்... கிதார். அந்தப் பாட்டு!

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நிறுத்துடா!"

நிறுத்தவில்லை.

ஒரு பெயர். இரண்டு. மூன்று. மகுண்டேக்கு இளைப்பு நோய். மேடையில் ஒவ்வொரு பெயருக்கும் நின்று மூச்சு வாங்குவார். இவன் வாங்கவில்லை. நான்கு... ஐந்து... ஆறு...

மார்பு அசையவே இல்லை.

"கனிசாய்!"

ஷூவாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம்தான். ஆனாலும் ஓடவில்லை. எழுந்து போனால் அது தம்பிக்குச் செய்யும் துரோகம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

2.24. பாட்டு முடிந்தது. அவன் வந்த வழியே போனான்.

"அந்தக் கோமாளியைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பார்!" மேலாளர் வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அடக்கம் முடிந்தது.

3.35. ஒரு லாரி வந்து நின்றது. லவ்மோர் இறங்கினான். தலைமுதல் கால்வரை புழுதி. கையில் ஒரு பை.

"புதைச்சிட்டீங்களா? பன்னெண்டு மணிக்கே பஸ் படுத்துடுச்சு. அவனை ஒரு வார்த்தை கிண்டல் பண்ண முடியலையே!" தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பையைத் திறந்தான். பழுப்புக் கோட்டு. தொப்பி. திங்கட்கிழமையே மகன் கொடுத்தனுப்பியவை.



உடலைக் குளிப்பாட்டியவர் முணுமுணுத்தார். "அந்த வெள்ளைக் காலுறை... நான்தான் போட்டுவிட்டேன்."

"அப்ப... பாடினது யாரு?" மேலாளரின் குரல் உள்ளே போயிருந்தது.

 ஷூவாய் எழுந்தாள்.

"நீங்க பெட்டி வாங்கிக் கொடுத்தீங்களே சார், அதுல படுத்திருக்கிறவர்தான். கோர்ட்டுக்கு அவரையே கூப்பிடுங்க. ஏழாவது பேரு கனிசாய். என் தம்பி. எழுதிக்குங்க."