ரெட்டியபட்டி மண்ணும் பாளையம்பட்டி சோயா மொச்சையும்

கரிசல் காட்டில் சோயா மொச்சை என்றால் இந்த வட்டாரத்தில் என்னைத்தான் கேட்பார்கள். ஐப்பசியில் எம்.ரெட்டியபட்டிக்குப் போனதும் அதற்காகத்தான். பாளையம்பட்டியில் என் மச்சினன் சுப்பையா முந்தின வருஷம் விதைத்த சோயா மஞ்சளடித்து நின்றுவிட்டது. இன்னொரு தரம் பொய்த்தால் அந்தக் காட்டில் கம்பைத் தவிர எதுவும் விதைக்கக் கூடாதென்று அவன் அப்பா சொல்லிவிட்டார். சோயா நன்றாக விளைந்த காட்டு மண்ணை விதையில் கலந்தால் வேரில் முடிச்சுப் பிடித்துப் பயிர் தழைக்கும் என்றார் விவசாய இலாகாக்காரர். எனக்கு முன்பே தெரியும், சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு அருப்புக்கோட்டையில், அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரி பஸ் ஏறினேன். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பத்து மைலுக்கு இரண்டு மணி நேரம். வழியில் நின்றது; நான் கை வைத்துத் தள்ளிய பிறகே கிளம்பியது.

அங்கே சோயா நன்றாக விளைந்திருந்தது செசிலியம்மாவின் காட்டில்; மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள், பயிர் வைக்கும் சம்சாரி வீடு. கயிறு பிடித்ததுபோல் வரிசை விதைப்பு! ராமநாதபுரம் ஜில்லாவிலேயே அப்படியொரு காடு கிடையாது.

"அள்ளிக்கிடுங்க அண்ணாச்சி. ஈரச் சாக்குல கட்டி மடியில வச்சுப் போங்க. வெயில் பட்டா மண்ணு செத்துப்போகும்."

"மண்ணுக்கு ஏதும்மா உயிரு?"

"அது இருக்கப் போய்த்தான இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

திரும்பும்போது கண்டக்டர் சாக்கை மேலே போடச் சொன்னான்.

"ஏலே, இது கோயில் மண்ணு. மேல போட்டா பஸ்ஸு நகராது."

"இப்ப மட்டும் பறக்குதாக்கும்!"

ஆனால் கோயில் மண் என்றதும் பஸ்ஸே எழுந்துவிட்டது. ஆளுக்கொரு பிடி அள்ளி, நெற்றியில் இட்டு, மீதியை முந்தியில் முடிந்துகொண்டார்கள். வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது?

"என்ன அத்தான், ஒரு சாக்குன்னீக?" என்று சுப்பையா பாதிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. காட்டில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். விதையில் பாதியைக் கஞ்சித் தண்ணீரில் பிசறி, மண் தூவி, நிழலில் உலர்த்தினோம். மறுபாதி வெறும் விதையாகவே போனது.

மார்கழியில் காட்டில் ஒரு பாதி கரும்பச்சை, மறு பாதி மஞ்சள். சுப்பையாவின் அப்பா இரண்டிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். ஒன்றில் மிளகு மிளகாக முடிச்சு; மற்றது மொட்டை.

"வார வருசம் காடு பூராவும் சோயாவே போடுறா. இந்தப் பாதி மண்ணை அந்தப் பாதிக்கு இழு" என்றார்.

இரண்டையும் அருகருகே பார்க்காமல் அவர் நம்பியிருப்பாரா? அதற்காகவே பாதியை விட்டுவைத்தேன்.

சோயா போட நினைப்பவர்கள் இனி ரெட்டியபட்டி வரை போக வேண்டாம். பாளையம்பட்டிக்கே வாருங்கள். நனைத்த சாக்கு கொண்டுவாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள். பஸ்ஸில் யார் கேட்டாலும் எரு என்று சொல்லுங்கள். ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள்.