சீலா மீனிலிருந்து என் வயிற்றுக்கு வந்த புழு

வலி சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. மேல் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கியது. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

ஞாயிறு காலை, காரைக்குடியில் ஒரு மருத்துவமனை. குடல் டாக்டர் வயிற்றை அழுத்திக்கொண்டே கேட்டார்: “பச்சையா எதுவும் சாப்பிட்டீகளா?”

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டிருந்தேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த சீலா மீன். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை தாங்கவில்லை. புளிப்பே மீனை வேகவைத்துவிடும் என்று அம்மாவுக்கு வகுப்பு வேறு எடுத்தேன். சதை வெளுத்தால் வெந்துவிட்டது என்றுதானே தோன்றும்?

மீனை வாங்கியது வெள்ளிக்கிழமை.

“குடல எடுத்துத் தரவா பாப்பா?” என்று மீன்கார அக்கா கேட்டார். வெள்ளியன்று எங்கள் வீட்டில் மீன் அறுப்பதில்லை. வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. அறுத்த மீன் மறுநாள்வரை தாங்காது என்று நானாகவே முடிவுகட்டி, முழுசாக வாங்கி, ஐஸ் பெட்டியோடு வண்டி ஷெட்டில் வைத்தேன். மீன் செத்தபின், குடலில் சுருண்டு கிடக்கும் புழு சதைக்குள் நகரலாமாம். அதற்கு ஓர் இரவு முழுக்க அவகாசம் கொடுத்திருக்கிறேன்.

“ஃப்ரீசர்ல பல நாள் உறைய வச்சிருந்தா செத்திருக்கும். அடுப்புல வெந்திருந்தாலும் செத்திருக்கும். எலுமிச்சைக்கு அது சாகாது,” என்றார் டாக்டர்.

எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். திரையில் ஒரு வெள்ளை நூல். தலையை என் இரைப்பைச் சுவரில் புதைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. இடுக்கியால் இழுத்தபோது வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. அனிசாக்கிஸ் (கடல் மீன்களில் வாழும் உருளைப்புழு).

“பச்ச மீனத் திங்கவா உன்னைய எம்எஸ்சி படிக்க வச்சோம்?” என்றாள் அம்மா.

“நீ வெள்ளிக்கிழமை அறுக்க விட்டிருந்தா...”

“ஆமாடி, சாமி மேல பழியப் போடு.”

சிரித்தோம். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து திருப்பத்தூரில் சித்தி வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டேன். நன்றாகக் கொதித்த குழம்பு. கை கழுவும்போதே உள்ளங்கை அரித்தது. உதடு தடித்தது. மூச்சு உள்ளே போக இடமில்லை. சித்தப்பா காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே தொண்டை திறந்தது. அனாஃபிலாக்சிஸ் (உயிரைப் பறிக்கக்கூடிய கடும் ஒவ்வாமை).

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொன்னார்: “உங்க உடம்பு அந்தப் புழுவ அடையாளம் வச்சிருக்கு. குழம்புல செத்து வெந்து கெடந்தாலும் கண்டுபிடிச்சிரும். இனிமே கடல் மீன் வேணாம்.”

“எவ்வளவு நாளைக்கு டாக்டர்?”

“சொல்ல முடியாதும்மா.”

எங்கள் ஊர் பள்ளத்தூரில் ஞாயிறு பகல் பதினோரு மணிக்குத் தெருவில் யார் வீட்டிலாவது மீன் பொரிப்பார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு எச்சிலை விழுங்கிப் பார்க்கிறேன். இறங்குகிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி விழுங்குகிறேன்.