பத்துத் தோட்டத்து மிளகு

எம்.எஸ்சி.யில் அவளைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் எங்காவது சொல்லிக்கொண்டே இருப்பேன். மலைக்குக் கீழே பல்கலைக்கழகத்தில், பகுப்பாய்வு வேதியியல் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாயிற்று. உதவித்தொகையோடு பிஎச்.டி. சேரலாம். விண்ணப்பித்தவர்களில் ஆய்வகத்தை நடத்தும் மேடம் கடைசிவரை வைத்துக்கொண்டது இரண்டு பேரை. ஒருத்தி நான். இன்னொருத்தி மலைமேல் செம்மேட்டுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள்.

என் அப்பா ஈரோட்டுப் பக்கத்துக்காரர். தாலுகா ஆபீஸ் வேலைக்காக மலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸிலேயே நிலைத்துவிட்டார். அவள் வீட்டார் மலைக்காரர்கள். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார்கள். தினமும் நாலு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருவாள், வந்ததும் கணக்கை எனக்கு முன்னால் போட்டுவிடுவாள். "பாரு, அவ்வளவு தூரம் நடந்து வந்து எப்படிப் படிக்குது" என்பார் வாத்தியார். குவார்ட்டர்ஸிலிருந்து நானும் நடந்துதான் வந்தேன். முந்நூறு அடி. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"ரெண்டு மாசம் ரெண்டு பேரும் இருங்க, அப்புறம் சொல்றேன்" என்றார் மேடம். அந்த ஆய்வகத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு அண்ணன் மாத்திரைக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஒரு அக்கா பிள்ளை பெற்று, அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு வந்தவர். யாராக இருந்தாலும் முதல் வேலை பாத்திரம் கழுவுவதுதான். கண்ணாடிக் குடுவைகளை ஆசிட்டில் ஊறவைத்து, சுத்தமான நீரில் அலசி, கவிழ்த்து வைக்க வேண்டும். அவள் அலசுவதை எல்லோரும் மெச்சினார்கள். பாத்திரம் கழுவுவதில்கூட ஒருத்தியைப் பார்த்து வயிறு எரியும் என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

பிறகு மேடம் எங்களைக் கூப்பிட்டார். "உங்க மலையில மிளகுக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பாங்க இல்ல? அதுல இருக்கற செம்பு, காய்ஞ்ச மிளகுல எவ்வளவு தங்குதுன்னு பார்க்கணும். பத்துத் தோட்டம் சொல்றேன். ரெண்டு பேரும் அதே பத்துல தனித்தனியா எடுத்துட்டு வாங்க." யாருக்கு இடம் என்று அதில்தான் முடிவாகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் மலைக்குப் பஸ் ஏறும்போதே நான் திட்டம் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன், அப்பா தலையாரியிடம் சொன்னார், தலையாரி பத்து வீட்டுக்கும் தகவல் சொன்னார். ஆபீஸ்காரர் பெண்ணுக்குப் பரிசோதனைக்குக் கால் கிலோ மிளகு வேண்டும், மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளும் என்று. போன இடமெல்லாம் மரியாதை. "வாங்க கண்ணு" என்று நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், புதுக் கவரில் மிளகு கொடுத்தார்கள். ஒவ்வொரு மணியும் பளபளவென்று இருந்தது. அந்தப் பத்தில் அவள் வீடும் ஒன்று. அவள் அம்மா வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தார். அவள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. பொறாமையில் வெந்துபோகிறாள் என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பினேன்.

அவள் எப்படி எடுத்தாள் என்றால், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய், களத்தில் காய்ந்துகொண்டிருந்ததில் நாலைந்து இடத்தில் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். தூசியும் காம்புமாக இருந்த அவள் பைகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மிளகைப் பொடித்து, ஆசிட்டில் கரைத்து, வடிகட்டி, செம்பை அளக்கும் கருவியில் கொடுத்தோம். என்னுடையதில் பத்துத் தோட்டத்திலும் செம்பு இல்லை என்றே சொல்லலாம். வரிசையாக, ஒழுங்காக, அழகான எண்கள். அவளுடையதில் ஒன்று ஏறிக் கிடந்தது, ஒன்று இறங்கிக் கிடந்தது, எதுவும் என்னுடையதோடு ஒட்டவில்லை. மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை.

"அவளுக்குப் பாத்திரம் சரியாக் கழுவத் தெரியலையோ என்னவோ மேடம். அதுல ஒட்டியிருந்த செம்பா இருக்கும்."

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள்.  அந்த அக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேடம் அவள் கழுவிய குடுவைகளில் மிளகு போடாமல் வெறும் ஆசிட்டை மட்டும் ஊற்றிக் கருவியில் கொடுத்துப் பார்த்தார். செம்பு துளியும் இல்லை. பிறகு என்னிடம் சொன்னார். "நீ போய் அந்தப் பத்து வீட்டுலயும் கேட்டுட்டு வா. உன் கைக்கு வர்றதுக்கு முன்னால அந்த மிளகை என்ன செஞ்சாங்கன்னு."

அது ஒரு சனிக்கிழமை. முதலில் போனது அவள் வீட்டுக்கு. அவள் அம்மா நான் கேட்டதையே தப்பாக எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, மண்ணு கிண்ணு இருந்துதுங்களா? நல்லாக் கழுவித்தானுங்க குடுத்தோம்."

"கழுவினீங்களா?"

"கழுவாம எப்படிங்க கண்ணு? ஆபீஸ்காரரு ஊட்டுக்குப் போறதுன்னு தலையாரி சொன்னாருங்க. களத்துல கெடந்தத அப்படியே அள்ளிக் குடுக்க முடியுங்களா? ரெண்டு தண்ணியில கழுவி, துணி விரிச்சு மறுக்காக் காயப்போட்டோமுங்க. எம்புள்ளதான் தண்ணி மொண்டு மொண்டு ஊத்துச்சு."

 மிச்சம் ஒன்பது வீட்டிலும் அதே கதைதான். மரியாதைக்கு மரியாதையாக எல்லோரும் மிளகைக் கழுவி, அதன்மேல் இருந்த செம்பையும் கழுவி, ஒன்றுமில்லாததை எனக்குப் புதுக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று நாள் அவகாசம் கொடுத்தது நான்தான். ஆனால் அவள் தண்ணீர் ஊற்றினாளே!

சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளும் வந்து நின்றாள். பலாப்பழக் கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"ஆமா புள்ள, நாந்தான் ஊத்துனேன்" என்றாள். "வேண்டாம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன்டி?"

"மூணாவதுல இருந்து உன்னப் பாக்கறேன். மழ வந்தா நீ ஊட்டுக்கு ஓடிப்போயி வேற துணி மாத்திக்கிட்டு வந்து உக்காருவே. நான் சாயங்காலம் வரைக்கும் ஈரத்தோட உக்காந்திருப்பேன். உன்னப் பாத்தா எனக்கு அப்படி எரியும். இந்த ஒண்ணாச்சும் எனக்குக் கெடைக்கட்டும்னு நெனச்சேன். நீ மேடத்துக்கிட்ட எனக்குப் பாத்திரம் கழுவத் தெரியாதுன்னு சொன்னீல்ல? அதுக்கு இது சரியாப் போச்சு."

கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். கையை ஓங்கவாவது செய்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று வந்தது. இவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்! அதுவும் அத்தனை வருஷமாக! நாமக்கல் போகும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. இறங்கிய பிறகுதான் இடம் போய்விட்டது என்பதே உறைத்தது.

மேடத்திடம் பத்து வீட்டிலும் கழுவினார்கள் என்று சொன்னேன். அவள் வீட்டில் யார் தண்ணீர் ஊற்றியது என்று சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஒன்பது வீட்டில் அவள் ஊற்றவில்லையே, வாங்கும்போதே நீ ஏன் கேட்கவில்லை என்று மேடம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இடம் அவளுக்குக் கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து வேறொரு திட்டத்தில் இன்னோர் இடம் வந்தபோது நான் சேர்ந்தேன். இப்போது அவள் எனக்கு சீனியர்.

நன்றாகத்தான் இருக்கிறாள். கருவி மக்கர் செய்தால் தன் வேலையை விட்டுவிட்டு வந்து சரிசெய்து தருகிறாள். என் முதல் கட்டுரையை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். போன வாரம் கருத்தரங்கில் எனக்குப் பரிசு கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் முதலில் அவள் முகத்தைத்தான் தேடினேன். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பாவது இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.