மணல் ஒட்டாத செருப்பு

திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் பெட்டிகளுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தபோது அண்ணி ஒரு காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, எல்லோர் முன்பும் கவிழ்த்துக் காட்டினாள். நீல ரப்பர் செருப்பு. ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பு பொன்னேரி பஸ் ஸ்டாண்டு எதிரில், கடைக்காரனே கையெடுத்துக் கும்பிடும் அளவுக்குப் பேரம் பேசி வாங்கியது. எங்களோடு அந்தமானுக்கு வந்திருந்த பாத்திரக்கடை அம்மா ஒருத்தி, "அவ்வளவு தூரம் போயும் மணல்ல காலே வைக்கலையே, உங்களுக்கெல்லாம் எதுக்குங்க தீவு?" என்று கேட்டுவிட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில். "தபாரு. நல்லாப் பாரு. ஒரு மணலு கீதா?" என்றாள் அண்ணி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் பைகளிலிருந்தும் ஷூக்களிலிருந்தும் உதிர்ந்த மணல், பளபளவென்று துடைத்து வைத்திருந்த அந்தத் தரையில் நறநறவென்று மிதிபட்டுக்கொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். செருப்பில் மணல் இல்லை என்பது சத்தியமான உண்மை. ஆனால் அதில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இப்போது சொல்லலாம். அண்ணியே, "எழுதேன், எனக்கு இன்னா பயம்?" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பழவேற்காட்டிலிருந்து படகில் போய்ச் சேர வேண்டிய குப்பம் எங்களுடையது. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். அந்தத் துண்டில்தான் எங்கள் வீடு, கோயில், பள்ளிக்கூடம், சண்டை, சமாதானம் எல்லாம். பட்டணத்தில் இருப்பவர்கள் கடற்கரை என்று சொல்லும்போதே அவர்கள் முகத்தில் ஒரு குளிர்ச்சி வந்துவிடுகிறது. எனக்கு எரிச்சல்தான் வரும். எங்களுக்கு அது காற்று வாங்கும் இடம் இல்லை ஐயா! அங்கேதான் வலை காயும், கருவாடு காயும், ஏலம் நடக்கும், ஐஸ் பெட்டிக்கு அடிதடி நடக்கும். விடிவதற்குள் ஊரே ஒதுங்குவதும் அங்கேதான். சோற்றில் மணல், பாயில் மணல், குழந்தையின் காதில் மணல். வீட்டுக்குள் எவ்வளவு பெருக்கினாலும் அன்றைக்குச் சாயங்காலமே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. படகு கரையேறும் நேரத்தில் மணலில் யார் நின்றாலும் கை வைக்க வேண்டும். ஆணா பெண்ணா, விருந்தாளியா, சட்டை புதிதா என்ற பேச்சே கிடையாது. கை வைத்தவருக்கு ஒரு மீனாவது பங்கு உண்டு. வைக்காமல் நின்றவரை ஊர் மறக்காது. அண்ணி பிறந்தது சுண்ணாம்புக்குளத்துப் பக்கம். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் வீட்டுப் பெண். அலை என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து பட்டுப்புடவையோடு எங்கள் ஊர் மணலில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு படகு கரைக்கு வந்தது. "கை வை! கை வை!" என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் ஓடினான். நைனா ஓடினார். மாலையைக் கூடக் கழற்றாமல் அவளும் ஓடிப் போய்க் கை வைத்தாள். முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீரில் நனைந்த அந்தப் பட்டுப்புடவையின் கறை கடைசி வரைக்கும் போகவே இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு கரை அவளைக் கூப்பிடாத நாளே இல்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போது கூப்பிடும். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது கூப்பிடும். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போது வாசலில் யாராவது வந்து நின்று, "இன்னாம்மே, படகு வந்துக்கினு கீது, படுத்துக்கினு கீற?" என்பார்கள். "பேஜாரு புடிச்ச மணலு" என்று வாய் நிறையத் திட்டிக்கொண்டே எழுந்து போவாள். போகாமல் இருந்ததில்லை. படகைத் தள்ளுவாள், மீனை வாரிக் கூடையில் போட்டுக்கொள்வாள், படகேறி பஸ் ஏறிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் உட்காருவாள். அலை காலில் படுவது எவ்வளவு சுகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது, அவர்களைப் பைத்தியம் பிடித்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

நான் கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்து, வீட்டுச் சாமான் கடையில் விற்பனை வேலை பார்க்கிறேன். மிக்ஸி நிறைய விற்றதற்காகக் கம்பெனிக்காரர்கள் மற்ற ஊர்க் கடைக்காரர்களோடு எனக்கும், துணைக்கு ஒருவருக்கும் அந்தமான் பயணம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் விமானம் தலைக்கு மேல் போனாலே வீட்டுக்குள் ஓடிவிடுவார். "உங்க அண்ணியை இட்டுக்கினு போ, அந்தம்மா எங்க போயிருக்காங்க பாவம்" என்று கழன்றுகொண்டார். ஓடிப் போய் அண்ணியிடம் சொன்னேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "தீவா? மறுபடியும் கடலாண்டயா? லீவுல யாராவது வேல செய்யற எடத்துக்கே போவாங்களாடி?" எனக்குச் சப்பென்று போய்விட்டது. கொஞ்ச நேரம் கூடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள். "தீவுன்னா ஓரம் மட்டுந்தானா? நடு இல்லியா?" காடு இருக்கிறது, மலை இருக்கிறது என்றேன். "அப்ப நான் நடுவுக்கு வரேன். ஓரத்துக்கு நீ போ."

அப்போதே அவள் ஒரு சபதம் செய்தாள். "அஞ்சு நாளு பாப்பா. அஞ்சு நாளு ஒருத்தரும் என்னை வான்னு கூப்புடக் கூடாது. மணல்ல காலு வெக்க மாட்டேன். இதுக்கோசரம் ஒரு செருப்பு வாங்கப் போறேன்." அண்ணன் சிரித்தான். "நீ? கரைக்குப் போவாம இருப்ப? பாக்கலாம்." அவள் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கென்று ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதை மணலிடம் கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த நானும், யார் தடுத்தாலும் இதை அவளுக்கு முழுசாக வாங்கிக் கொடுத்தே தீருவது என்று தீர்மானித்துவிட்டேன்.

தடுத்தது டூர்க்காரர்தான். அவர் போட்டிருந்த திட்டத்தில் காலையில் ஒரு பீச், மத்தியானம் ஒரு பீச், சூரியன் மறைவதற்குத் தனியாக ஒரு பீச். அண்ணி வேனை விட்டு இறங்கவில்லை. "அம்மா, வெள்ளை மணல்மா, உலகத்துலயே அழகு" என்று அந்த மனிதர் கெஞ்சினார். "எங்க ஊர்லயும் கீது, வந்து அள்ளிக்கினு போ" என்றாள். ஆனால் அவள் உம்மென்று உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தோஷமாக இருப்பதை ஒரு வேலையைப் போல இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். ஓட்டலில் சூரியன் உச்சிக்கு வரும்வரை தூங்கினாள். எழுந்ததும், "வெயில் வந்தப்புறம் கண்ணு முழிச்சிருக்கேன், எங்க மாமியா பாத்திருக்கணும்" என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். நாஸ்டாவுக்குப் பூரி, உருளைக்கிழங்கு, அன்னாசிப்பழம். மீன் இருந்த தட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிப்டில் காரணமே இல்லாமல் மேலேயும் கீழேயும் போய் வந்தாள்.

மறுநாள் நான் டூர்க்காரரோடு மல்லுக்கு நின்றேன். எங்களுக்கு பீச் வேண்டாம், ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். தீவின் நடுவுக்குப் போ என்றதும் ஆட்டோக்காரர் குழம்பிப் போனார். பிறகு மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போனார். எத்தனை பெரிய மரங்கள்! பனையும் சவுக்கும் முள்ளுமாகப் பார்த்துப் பழகிய அண்ணி, ஒவ்வொரு மரத்திடமும் போய் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் பாறைகளுக்கு நடுவே ஓடை ஒன்று ஓடியது. எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் முதலில் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்போம், உப்பா நல்ல தண்ணீரா என்று. அண்ணியும் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு கை கொள்ளும் மட்டும் அள்ளிக் குடித்தாள். "பாப்பா, இவ்ளோ தண்ணி, யாரும் கொடம் வெக்கல, வரிசை இல்ல, சும்மா ஓடுதுடி!"

புடவையோடு உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டாள். ஓட்டலில் கொடுத்த சின்ன சோப்பு அவள் முந்தானையில் முடிந்திருந்தது. உப்புத் தண்ணீரில் சோப்பு எத்தனை தேய்த்தாலும் நுரைக்காது. இங்கே ஒரு தேய்ப்புக்குத் தலை முழுக்க நுரை பொங்கியது. அலசிவிட்டு, நுரையைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை தேய்த்தாள். இலைகளுக்கு நடுவிலிருந்து வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. "இங்க கடல் சத்தமே கேக்கல பாரு" என்றாள். எத்தனையோ வருஷமாக அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு இரைச்சல் நின்றுபோனதைப் போல அவள் முகம் அப்படித் தெளிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் எங்கள் கூட்டம் பவளப்பாறை பார்க்கப் படகேறிப் போய்விட்டது. நாங்கள் இருவர் மட்டும் மேலே, ரோட்டோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கீழே கடற்கரையில் வேறு ஏதோ ஊர்களிலிருந்து வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மீன்பிடிப் படகு கரைக்கு வந்தது. இரண்டே பேர். எஞ்சின் நின்றுபோயிருக்க வேண்டும். அலையில் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஒருவர் குதித்து நெஞ்சளவுத் தண்ணீரில் முனையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "பட்டண்டி! ரண்டி, பட்டண்டி!" தெலுங்கு. எல்லைக்குப் பக்கத்தில் பிறந்த அண்ணிக்கு அது தாய்மொழி மாதிரி. பிடியுங்கள், வந்து பிடியுங்கள் என்று கூப்பிடுகிறார். கரையில் நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு மொழியும் புரியவில்லை, வழக்கமும் தெரியாது.

அண்ணி டீ கிளாசைக் கீழே வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "அண்ணி, வேணாம். இது நம்ம ஊரு இல்ல. உன்னை யாரும் கூப்புடல." அடுத்த அலை படகைத் தூக்கிச் சாய்த்தது. தண்ணீரில் இருந்தவர் தலை ஒரு நொடி தெரியவில்லை. அண்ணி என் கையை மெதுவாக விலக்கினாள். செருப்பைக் கழற்றி ரோட்டின் விளிம்பில் ஜோடியாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஓடினாள். "போனை உள்ள வெய்யி! கை வை! கை வைங்கடா!" என்று அவள் போட்ட சத்தத்தில், தமிழ் தெரியாதவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். நானும் ஓடினேன். தோளும் கையுமாக எல்லோரும் சேர்ந்து தள்ள, படகு நிமிர்ந்து, மணலைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறியது. தண்ணீர் குடித்திருந்தவர் இருமிக்கொண்டே உட்கார்ந்து அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

இன்னொருவர் ஒரு நல்ல மீனாகப் பார்த்து எடுத்து நீட்டினார். பங்கு. வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. அண்ணி வாங்கிக்கொண்டு மேலே வந்து அதை டீக்கடை அம்மாவிடம் கொடுத்தாள். "லீவுல மீன் கழுவ மாட்டேன்" என்றாள். பிறகு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, முழங்காலிலிருந்து கழுவி, விரலிடுக்கெல்லாம் முந்தானையால் துடைத்து, செருப்பில் காலை நுழைத்தாள். "சபதம் போச்சே அண்ணி" என்றேன். எனக்கு அவளைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. அவள் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். "அங்க கூப்புட்டா போயே ஆவணும். போவலன்னா ஊரு கேக்கும், உங்கண்ணன் கேப்பாரு. இங்க என்னை யாரு கேக்கறது? போவாம குந்தினு இருந்திருக்கலாம். நானாப் போனேன்." காலி கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "இத்தினி வருசத்துல நானா ஒரு நாளு போயிருக்கேனான்னு யோசிக்கறேன். இல்ல பாப்பா. இதான் மொதத் தடவ."

ஊருக்குத் திரும்பிய வாரமே அவள் கரையில் நின்று அறிவித்துவிட்டாள். "பொதங்கெழம என்னைக் கூப்புடாதீங்க. ஒரு உசுரு போற ஆபத்துன்னா நானே வருவேன். மத்தபடி நான் கிடையாது." புதன்கிழமை மீன் நன்றாக விலை போகும் நாள். ஊர் முணுமுணுத்தது. அண்ணன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் கடை விடுமுறை அன்றைக்குத்தான். சுவரில் ஆணியில் தொங்கும் நீலச் செருப்பை எடுத்துக்கொண்டு படகுத்துறை வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வருவாள். அக்கரை ஏறிய பிறகுதான் போட்டுக்கொள்வாள். என் வீட்டுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் பாயை விரித்துப் படுத்தால் சாயங்காலம் வரை அவளை எழுப்ப என் வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

போன புதனன்றும் வந்திருந்தாள். செருப்பு வாசலில் கிடந்தது. வார் கொஞ்சம் வெளுத்திருந்தது, மற்றபடி புதிதாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விமான நிலையம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கவிழ்த்துக் காட்டிய செருப்பைத்தான் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். நான் மட்டும் தூக்கிய காலைப் பார்த்தேன். எத்தனை கழுவியும் போகாமல், குதிகால் வெடிப்பில் வெள்ளை வெளேரென்று கொஞ்சம் மணல் இருந்தது.