கோமதி ஏறினால் எரியும் விளக்கு

ராசி, தோஷம், திருஷ்டி என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கரமனையில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காரில் ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன்தான் எலுமிச்சம்பழம் வாங்கப் போவான் என்று வாடிக்கையாளர்களின் முகத்துக்கு நேராகவே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டாம், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

என் தங்கை கோமதியை வலியசாலையில் கட்டிக்கொடுத்தோம். நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கேயே ஊன்றி, பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்ட குடும்பம், மாப்பிள்ளை தாணு நல்ல வேலையில் இருந்தான். கல்யாணத்துக்கு நாங்கள்தான் கார் கொடுத்தோம். ஷோரூமிலிருந்து தாணுவும் அவன் அம்மாவும் வண்டியை நேராகப் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள், கோமதி அங்கே காத்திருந்தாள். பூஜை முடிந்து தேங்காய் உடைத்ததும் அவள் மாமியார் பானெட்டைத் திறக்கச் சொல்லி, என்ஜின் குளிர்ந்திருக்கட்டும் என்று தேங்காய்த் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டாள். இந்தப் புத்தி நம் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். கோமதி முதல்முறையாக அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தாள், கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் மீட்டரில் மஞ்சளாக, என்ஜின் படம் போட்ட கோளாறு விளக்கு எரிந்தது.

என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயிலின் சாக்கெட்டில் தேங்காய்த் தண்ணீர் இறங்கியிருந்தது, வேறொன்றுமில்லை. ஷோரூமில் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மாமியார் அதற்குள் வேறு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாள், மருமகளின் ராசி. அவள் அதிர்ஷ்டமோ என் தங்கை துரதிர்ஷ்டமோ, அதற்குப் பிறகும் கோமதி ஏறும்போதெல்லாம் அந்த விளக்கு எரிந்தது. வேறு யார் ஏறினாலும் எரியவில்லை.

அதன்பிறகு அவளைக் காரில் ஏற்றவே இல்லை. எங்கள் அப்பா கொடுத்த காரில் அந்த வீட்டில் எல்லோரும் போனார்கள், அவள் மட்டும் பஸ்ஸில் போனாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. ஒருநாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றவளைப் பார்த்தேன். குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்களாம். காரில் இடமில்லையா என்று கேட்டேன். இடம் இருந்தது, அவளுடைய பெட்டி காரில்தான் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தை எப்படி அடக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாளே தாணுவின் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவள் மாமியார் பதிலுக்குக் கத்தவில்லை, எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பிக்கு அந்தப் பணி அறியுமல்லே, நீங்களே வந்து செரியாக்குங்க. செரியாச்சுன்னா எனக்குச் சந்தோஷந்தான். இல்லேன்னா ஆடிக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்பக் கொண்டுவிட வேண்டியது எப்பன்னு நாங்க சொல்லுதோம்."

ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம்தானே. அந்த வழக்கத்துக்குள் வைத்தே அவளைத் துரத்திவிடப் பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை தாணு செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரும் கருவிப்பெட்டியுமாகப் போனேன். நல்ல வெயில், பேய்க்கதைக்கு உண்டான எந்த லட்சணமும் கிடையாது. ஸ்கேனரைச் சொருகினால் ஒரு குறையும் இல்லை என்கிறது. சாக்கெட்டுகளை எல்லாம் கழற்றித் துடைத்தேன். பின்சீட்டில் நான் உட்கார்ந்தேன், தாணு உட்கார்ந்தான், விளக்கு எரியவில்லை. கோமதி உட்கார்ந்தாள், எரிந்தது. இறங்கினாள், அணைந்தது. ஆள் உட்காரும்போது எங்காவது வயர் நசுங்குகிறதோ என்று சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரை ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன், எர்த் பார்த்தேன். அவள் எடைக்குச் சமமாக ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி அதே இடத்தில் வைத்தும் பார்த்தேன், எரியவில்லை.

வாசலில் நின்றிருந்த மாமியார் சொன்னாள். "அரிசிக்கெல்லாம் எரியாது தம்பி."

அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புத்தி குறுக்கே போனது. விளக்கு எரிந்தால்தானே பிரச்சினை. "இப்பத்தான் பிடிபட்டுது அத்தை, மீட்டருக்குள்ளதான் கோளாறு, நீங்க உள்ள போய் இருங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு மீட்டர் போர்டை வெளியே எடுத்தேன். அந்த என்ஜின் படத்துக்குப் பின்னால் அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன எல்இடி விளக்கு இருக்கும். சால்டரிங் அயர்னைக் காய்ச்சி அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செகண்ட் ஹாண்ட் வண்டி விற்கிற தரகர்கள் செய்கிற வேலை அது, நான் யாரைத் திட்டுவேனோ அவர்கள் செய்கிற வேலை. என் தங்கை குடும்பம் நடத்த வேண்டும், அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சாவியைத் திருப்பினேன், மற்ற விளக்கெல்லாம் எரிந்தது, அந்த இடம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

எல்லோரையும் கூப்பிட்டேன். தாணுவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். கோமதி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"எரியுதே மச்சான்" என்றான் தாணு.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, எப்போதும் போல, அந்தப் படம் எரிந்துகொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், அதை எரிக்க வேண்டிய விளக்கு என் சட்டைப் பையில் இருந்தது, துணிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தேன்.

மாமியார் கோபப்படவில்லை. எப்போதையும்விட அன்பாகவே பேசினாள். "கூடப்பிறந்தவன் கை வச்சும் நிக்கல்ல பாத்தியளா. பின்னே எங்களைக் குத்தம் பறயக் கூடாது, கேட்டியளா."

கோமதி காருக்குள்ளிருந்து கேட்டாள். "நீ செரியாத்தானே பாத்தே அண்ணே?"

நான் பார்த்தது சரியில்லை என்றால் வேறு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அவனுக்கும் எரியும். விளக்கையே பிடுங்கிவிட்டேன், இதோ பாருங்கள் என்று எடுத்துக் காட்டினால் அந்தக் கிழவியின் வாய்க்குச் சர்க்கரை போட்டதாகும், இல்லாத விளக்கும் இவளுக்கு எரிகிறது என்று நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"பாத்தேன்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. தாணு வண்டியை அணைத்தான். அவள் இறங்கினாள், இறங்கின கையோடு சேலைத் தலைப்பால் சீட்டைத் துடைத்துவிட்டுப் போனாள். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் மீட்டரை மறுபடி வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் இரண்டு ஈயப் பொட்டுகள் மட்டும் இருந்தன. அதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள். ஆடி போனது, ஆவணி போனது, யாரும் கூப்பிடவில்லை. பிறகு வக்கீல் வந்தார், காகிதத்தில் எல்லாம் முடிந்தது. அந்தக் காரை அவர்கள் விற்றுவிட்டார்கள், தாணு வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான், அவன் அம்மா கொழுக்கட்டை மாதிரி நன்றாக இருக்கிறாள். கடவுள் கேட்பார் என்று என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், இதுவரை அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.

கோமதி இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் வாடிக்கையாளர் ஒருவரின் காரை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு வந்தேன், குடை திரும்பி மடங்கிப்போய் நனைந்துகொண்டு நடக்கிறவள் யாரென்று பார்த்தால் இவள். ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். "மழையில ஏன் நடக்கே, ஏறு" என்றேன். ஒரு காலை உள்ளே வைத்தாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை, என் கண் தானாக மீட்டருக்குப் போய்விட்டது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். வைத்த காலை வெளியே எடுத்தாள். "நடந்தே வாறேன் அண்ணே, நீ போ" என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

விளக்கு எரியவில்லை. அவள் இன்னும் முழுசாக உட்காரவில்லையே, அதனால்தான் என்று எனக்கு உடனே தோன்றியது.