கல் கடிக்காத கருப்பட்டி

ரத்னபாய் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது அவள் வாயில் ஒரு கருப்பட்டித் துண்டு கரைந்துகொண்டிருந்தது. காஞ்சிரங்குளத்திலிருந்து பாறசாலைப் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, வில்வண்டியை விட்டு இறங்கிய நேரம். மாமியார் காலமாகிவிட்டிருந்ததால் மாமியார் முறைக்காரி ஒருத்தி முன்னால் வந்து புதுப்பெண்ணின் வாயில் துண்டை வைத்தாள். "பயப்படாம மென்னு தின்னு மக்கா. கிருபாபாய் காய்ச்சினதாக்கும். கல்லு கடிக்காது."

மென்று தின்றாள். கடிக்கவில்லை.

கிருபாபாய், ரத்னபாயின் புருஷன் யோசுவாவுக்கு அக்காள். அவளைக் கட்டிய ராஜதாஸும் வெளி ஆளில்லை, அப்பனுடன் பிறந்த அத்தையின் மகன். அதனால் பிறந்த மண்ணை விட்டு அவள் எங்கும் போகவேண்டி வரவில்லை. ஒரே பனைவிளையில் தெற்கே தம்பி வீடு, வடக்கே அக்காள் வீடு, நடுவில் அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சும் கூரை. புகையும் பேச்சும் இரண்டு வீட்டுக்கும் பொது.

காய்ச்சும்போது அவளைப் பார்க்கவேண்டும். பனையேறி இறக்கித் தந்த அக்கானியைத் துணியில் வடித்து, மறுபடியும் வடித்துத்தான் அடுப்பில் ஏற்றுவாள். பொங்கி அடங்கிப் பாகாகி, குமிழி சிறுத்துக் கனத்து வரும்போது அகப்பையால் ஒரு துளி எடுத்துத் தண்ணீர் வைத்த தேங்காய்ச் சிரட்டையில் விடுவாள். அது திரண்டதும் எடுத்து வலது கடைவாயில் வைத்து ஒரே கடி. கண்ணை மூடிக்கொள்வாள். மற்றப் பெண்கள் விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். இவளுக்கு அது ஆகாது. "விரலு சூட்டுல மரத்துப் போவும் மக்கா. இந்தப் பல்லு மரக்காது," என்பாள். கண் திறந்ததும் பானையை இறக்கு என்று அர்த்தம். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவதுதான் வேலை.

ராஜதாஸ் நல்ல மனுஷர். குடி இல்லை, அடி இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். ஒரு சைக்கிள் உண்டு. எல்லைப் போராட்டம், ஊர்ப் பேச்சில் சமரம், சூடுபிடித்த பிறகு அந்தச் சைக்கிள் வீட்டில் நின்றதில்லை. தமிழ் பேசும் தாலுகாக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும், நெய்யாற்றின்கரையும் சேரவேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு அலைந்தார். உலை வைக்கும்போது சபைக்காக ஒரு கைப்பிடி எடுத்துவைக்கும் பிடியரிசியைப் போலச் சமரத்துக்கும் ஒரு பிடி எடுத்துவைக்கச் சொன்னார். பெண்கள் எடுத்துவைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

ஒரு கூட்டத்தில் சபையில் காணிக்கைக்குச் சுற்றும் தட்டைப் போலவே ஒரு பித்தளைத் தட்டைச் சுற்றவிட்டார்கள். முதல் ஆளாக ராஜதாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து அதில் வைத்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபாபாய்க்கு அது யாருடைய சங்கிலி என்று அடையாளம் காண வெளிச்சம் வேண்டியிருக்கவில்லை. ஜனம் கைதட்டியது. தட்டில் வைத்ததைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அந்த ஊரில் எந்தச் சபையிலும் கிடையாது. வைத்தது வைத்ததுதான்.

"அத்தான், அது எனக்க கழுத்துல கெடந்ததாக்கும். பெட்டியில கழத்தி வச்சிருந்தேன்," என்றாள் வீட்டுக்கு வந்த பிறகு.

"தமிழுக்குக் குடுத்தது கிருபா. ஊரே நம்மள பாத்துதில்லியா?"

"பாத்துது. எனக்க வெறுங்கழுத்தயும் சேத்துப் பாத்துது."

சொல்லிவிட்டுப் போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இன்னொன்று இருந்தது. அவளுடைய அம்மை அந்தக் காலத்து நீட்டிய காதுக்காரி. போதகர் சொல்லிக் காதை வெட்டித் தைத்த பிறகு பாம்படத்தைக் கழற்றி மகளுக்கென்று வைத்துவிட்டுச் செத்தாள். உள்ளே அரக்கு, மேலே தகடு. தட்டானிடம் கொடுத்து உருக்கினால் ஒரு குன்றிமணிக் குவியல் தேறும். கிருபாபாய் அதைத் தன் மகள் பிரேமகுமாரியின் தாலிக்கு என்று மனதில் முடிந்துவைத்திருந்தாள். அடுத்த தட்டு எப்போது சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

துணி எடுக்க என்று சொல்லி ரத்னபாயைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் காதோடு சொன்னாள்: "தட்டுல வைக்க முடியாத எடம் ஒண்ணு எனக்கிட்ட உண்டு, எட்டி."

"எங்க மைனி?"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். ரத்னபாய் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள்.

தமாஷ் இல்லை. ஒரு மாடியில் பல் கட்டுகிற ஒருவர் இருந்தார். பாம்படத்தை உருக்கின தங்கத்தை அவர் முன்னால் வைத்து, வலது கீழ்க் கடைவாயில் இரண்டு பல்லுக்குக் கூடு செய்து மாட்டச் சொன்னாள். வாயைத் திறந்து பார்த்தவர், "கேடில்லாத்த பல்லாணல்லோ இது," என்றார். சொத்தை இல்லாத பல்லுக்கு எதற்குத் தங்கம் என்று அவருக்கு விளங்கவில்லை. "கூசுது," என்று கிருபாபாய் பொய் சொன்னாள். காலால் மிதித்துச் சுற்றும் இயந்திரத்தால் அவர் நல்ல பல்லைச் சுற்றிலும் அராவினார். கருகின கொம்பின் வாடை வந்தது. ரத்னபாய் வெளியே போய் நின்றாள். கிருபாபாய் மேல்முண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

அதன் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததில்லை. சிரித்தால் மின்னிவிடும். மேல்முண்டால் வாயைப் பொத்திக்கொள்வாள். சபையில் பாட்டுப் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பாள். ராஜதாஸுக்குக்கூடத் தெரியாது. "சங்கிலி போனதுல அவளுக்கு எனக்கிட்ட கோவம்," என்று யோசுவாவிடம் சொல்லிக்கொண்டார். ஊரில் சில பெண்கள் கெவுரவம் பிடித்தவள் என்றார்கள்.

முதல் அக்கானிப் பருவம் ஒன்றும் இல்லாமல் போனது. அடுத்த பருவத்தில் தொடங்கியது. சுடுபாகைக் கடித்தால் சூடு தங்கத்தில் ஏறி, தங்கத்திலிருந்து வேருக்கு இறங்கி, காதுக்குள் கம்பி செருகினதுபோல நிற்கும். கடியை இடது பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தாள். இடதுக்கு அந்தப் பதம் தெரியவில்லை. மழை விழுந்ததும் அவள் கருப்பட்டி முதன்முதலாக வேர்த்து இளகியது. வாங்கினவர்கள் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. அவளே ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மறுநாளிலிருந்து வலியோடு வலதிலேயே கடித்தாள்.

கிராம்பு வைத்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தாள். கூட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து சீழ்ச்சலம் கசிந்தது. பேசும்போது பக்கத்தில் நிற்பவர்கள் ஓர் அடி விலகுவதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு அவளே விலகி நின்று பேசினாள். தாடை வீங்கின நாட்களில் தலையிலிருந்து மோவாய்வரை துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். வேலிக்கு அப்பால் இருக்கிற சரசம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னட்டி இது, பொணத்துக்கு வாய்க்கட்டு கட்டுன மாதிரி? சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சா?"

"ஒனக்க பெட்டிய எடுத்துக்கிடுதேன். நீ இப்பம் போவ மாட்டியல்லா," என்றாள் கிருபாபாய், பாதி வாயால்.

"அந்தச் சவத்துப் பல்லப் பிடுங்கிக் களையப்பிடாதா?"

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரும் சொன்னார். ராஜதாஸ், "நான் கூட வாறேன் கிருபா, எடுத்துரலாம்," என்று எத்தனையோ தடவை சைக்கிளைத் துடைத்து நிறுத்தினார். அவர் கூட வருவதுதான் அவளுக்குப் பயம். பிடுங்கினால் தங்கம் அவர் கண்ணில் படும். பட்டால் தட்டு.

தெற்கே சமரக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்த அந்த வருஷம், ஆனி மாதத்தில் கடைசி முறையாக அக்கானி காய்ச்சினாள். பதம் பார்க்க உருண்டையைக் கடித்து இழுத்தாள். பாகோடு சேர்ந்து ஒரு கூடு கழன்று வந்துவிட்டது. அடியில் பல் இருந்த இடத்தில் கரிக்குச்சி மாதிரி ஒரு முளை. காற்றுப் பட்டதும் அவளுக்குக் கண் இருட்டிற்று. ஆனாலும் கூட்டைக் கழுவினாள். பெட்டியில் வைத்தால் பெட்டியை யாராவது திறப்பார்கள். இறுகிக்கொண்டிருந்த ஒரு கருப்பட்டிக்குள் அதை அமுக்கி, மேலே பாகு தடவி, நகத்தால் கீறி அடையாளம் வைத்தாள். ஆறினதும் மற்றவற்றோடு கூடையில் அடுக்கி, புகை படும்படி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினாள். கருப்பட்டியை யார் அடகு வைக்கப் போகிறார்கள்?

ஆடி பிறந்து, கற்கடகத்து மழையில் காய்ச்சல் அடித்து அவள் படுத்துவிட்டாள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி வாய் பூட்டிக்கொண்டது. ஒரு விரல்கூட நுழையாது. ரத்னபாய் அப்போது பேறுகாலத்துக்குக் காஞ்சிரங்குளம் போயிருந்தாள். ஈரச் சட்டையோடு ராஜதாஸ் உள்ளே வந்தார். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சமரத்துக்கு வந்த ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு தங்கியிருந்தார்கள்.

"கிருபா, பரணுல கெடக்க கருப்பட்டிய எடுக்கேன். பயலுவளுக்குக் காப்பி போடணும். பாவம், வெறச்சுக் கெடக்கானுவ."

அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. கையால் கட்டில் சட்டத்தை அடித்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து அவர் உதட்டை நனைத்துவிட்டார். போர்வையை இழுத்து மூடினார். "செரி செரி, கெட. நான் சீக்கிரம் வாறேன்." சைக்கிள் கேரியரில் கூடையை வைத்துக் கட்டுகிற கயிற்றின் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் சீக்கிரம் வரவில்லை. துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒளிந்து திரிந்துவிட்டுத்தான் வந்தார். காய்ச்சல் இறங்கி வாய் திறந்த பிறகும் கிருபாபாய் அந்தக் கருப்பட்டியைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு திரும்பின ரத்னபாயிடம் மட்டும், கருப்பட்டியோடு ஒரு கூடு போன கதையை ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒண்ணு தட்டுக்குப் போயாச்சு. இது போவாது," என்று மிச்சம் இருந்த பல்லைக் கன்னத்துக்கு மேலாக அழுத்திக்கொண்டாள்.

மாநிலங்கள் பிரிந்த நாளில் ராஜதாஸ் களியக்காவிளைக்குப் போய் அங்கே கொடி ஏற்றியதைப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். காய்ச்சுகிற கூரைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார். "நம்ம இந்தப் பக்கம் ஆயாச்சு," என்றார். நெய்யாற்றின்கரையும் அதோடு அவர்கள் பனைவிளையும் கேரளத்தில் நின்றுவிட்டன. பிறகு, வாய்க்கட்டோடு அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மனைவியை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சமரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தப் பல்ல எடுத்துரலாம்."

கிருபாபாய் வாய்க்கட்டை அவிழ்த்தாள். பாம்படத்தில் தொடங்கிக் கட்டில் சட்டம்வரை எல்லாவற்றையும் சொன்னாள். சாணி கரைத்துக்கொண்டிருந்த ரத்னபாய் கையை எடுக்காமல் நின்றாள்.

ராஜதாஸ் முகம் மாறியது. "அண்ணைக்குத் தோப்புல கடைசி கிளாஸ் காப்பி குடிச்சது செல்லசாமிண்ணு ஒரு பய," என்றார் மெதுவாக. "வாயில கடிபட்டுத் துப்பினான். 'அண்ணே, ஒங்க வீட்டுக் கருப்பட்டியிலயும் கல்லா'ண்ணு கேட்டான். அண்டாவுல கெடந்த மண்டியோட தென்னமூட்டுல கொட்டினோம்."

கிருபாபாய் தங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "எனக்க கருப்பட்டியில கல்லுண்ணா சொன்னான்?"

"ஓ."

"நீங்க என்ன சொன்னிய?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்."

மறுநாள் அவர் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். புதிதாக நட்ட எல்லைப் பலகையைத் தாண்டி, அந்தத் தோப்புக்காரரிடம் கெஞ்சி, தென்னைமூடு தென்னைமூடாக அடிமண்ணைக் கிளறினார். எந்த மரம் என்று அவருக்கே நிச்சயமில்லை. முழங்கைவரை சேறோடு வெறுங்கையாக வந்து கிணற்றடியில் நின்றார். கிருபாபாய் தண்ணீர் கோரி ஊற்றினாள். 

தாடை எலும்பு அரிக்கத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராஜதாஸ் இப்போது கெஞ்சுகிறார், தங்கத்தைத் தொடமாட்டேன் என்று வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்லியும் பார்த்தார். அவள் அசையவில்லை. ரத்னபாயிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள்: "எனக்கு வாய்க்கட்டு கட்டுகதுக்கு முன்ன எடுத்துரு மக்கா. பிரேமாக்க கையில குடு. வேற ஆருக்க கையிலயும் குடுக்காத."

கிருபாபாய் இப்போதும் அதே பனைவிளையில், எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாள். காய்ச்சுவதை விட்டுவிட்டாள். கருப்பட்டி சந்தையிலிருந்து வருகிறது. காப்பிக்கு அதை வேறு யாரும் உடைக்க விடமாட்டாள். வாய்க்கட்டோடு உட்கார்ந்து, உலக்கைப் பூணால் தட்டி உடைத்து, துண்டுகளை முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றையும் விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறாள்.